டிசம்பரில் வாசித்த பெயர்கள்

வினிபெக்
செப்டம்பர் 8

அன்புள்ள ஓரெஸ்ட்,

காகிதத்தில் கடிதம் வந்திருப்பதைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதே. எல்லாரும் நலம். நீதான் தொலைபேசியை எடுப்பதில்லை, மின்னஞ்சலும் திரும்பி வருகிறது. உன் அண்ணன் இருந்த டாஃபின் வீட்டு முகவரி என் வாழ்த்து அட்டைப் பட்டியலில் இருந்தது. அங்கேதான் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி என்னிடம்கூடச் சொல்லாமல் சரக்கு வாசல் வழியாகப் போனாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறு வாரம் அந்தச் செயற்கை அறிவு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள். நீ அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாய். உன் நாற்காலியில் இப்போது நம் பிரிவை மேய்க்கும் பிரெண்டன் தன் கோட்டைப் போட்டு வைக்கிறான். பதினான்கு பேராக இருந்தோம், மூன்று பேர் மிச்சம்.

நான் எப்படி மிஞ்சினேன் என்று கேட்பாய். ஐம்பத்து நான்கு வயதில் பன்னிரண்டு வாரம் வகுப்புக்குப் போய்ப் பாஸ் செய்தேன், அப்படித்தான். நாம் எழுதிக் காப்பாற்றிய மருந்துக் காப்பீட்டுத் திட்டத்தின் கணினி நிரல்களை இப்போது இயந்திரம் படித்துப் புது மொழிக்கு மாற்றுகிறது. அதற்குக் காரணம் புரியாத வரிகளை என்னிடம் தள்ளும். நான் விளக்கம் எழுத வேண்டும். பெரும்பாலான வரிகளின் ஓரத்தில் உன் முதலெழுத்துகள்தான் இருக்கின்றன, நம் வழக்கப்படி தேதியோடு. இறந்துபோன உறுப்பினரின் மருந்து அட்டையை முப்பத்தொரு நாள் மூடாமல் வைத்திருக்கிறாயே, அது ஏன்? தவறா, காரணமாகவா?

இன்னொன்று. ஜனவரியில் பழைய முறை தெரிந்த ஒருவரை ஆலோசகராக எடுக்கும் பேச்சு இருக்கிறது. உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கார்னி உன்னை விசாரித்தார். அவருடைய ஊசி மருந்து என் வேலையோடு வரும் காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
வெர்னா தீசன்

டாஃபின்
செப்டம்பர் 19

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தை அஞ்சல் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு காரில் உட்கார்ந்து இன்னொரு முறை. ஏழு மாதத்தில் எனக்கு வந்த கடிதங்களில், "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று தொடங்காதது இது ஒன்றுதான்.

அறுபத்தோரு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். போன வாரம் ஒரு நேர்காணல். எதிரில் ஆள் கிடையாது. திரையில் கேள்வி, பக்கத்தில் வினாடிகள் ஓடுகின்றன, ஓரத்தில் சின்னதாக என் மூஞ்சி. முடிந்ததும் அதுவே தீர்ப்பும் சொன்னது, நான் கண்ணைப் பார்த்துப் பேசவில்லையாம். யாருடைய கண்ணை, வெர்னா? அந்தப் பெட்டிக்குக் கண் எங்கே இருக்கிறது என்று நான் முதலில் ஒரு படிப்பு படிக்க வேண்டும்போல.

இங்கே வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண் நல்லவள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, இப்போ கேக்கற மாதிரி ஏதாவது தெரியுமா?" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் அழுகை வரும் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பி இருமிச் சமாளித்தேன்.

நீ கேட்ட வரிக்கு வருகிறேன். அதைத் திட்டாதே. பனிக்காலத்தில் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தால் அது மறதி என்று நினைக்காதே, பூனை வெளியே போயிருக்கிறது. கணவன் செத்த மறுநாளே அட்டையை மூடினால், அதே அட்டையில் மருந்து வாங்கும் மனைவி கடையில் போய் நிற்பாள். புது அட்டை வர நான்கு வாரம் ஆகும். அதற்காகத்தான் அந்த முப்பத்தொரு நாள்.

ஆலோசகர் வேலை பற்றி எழுதியிருந்தாயே, அது நிஜந்தானா? ஆசை காட்டாதே. நிஜம் என்றால் அடுத்த வாரமே கிளம்பி வருவேன், தரையில்கூடப் படுத்துக்கொள்வேன்.

உன்,
ஓரெஸ்ட்

வினிபெக்
அக்டோபர் 14

அன்புள்ள ஓரெஸ்ட்,

பூனையைப் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சிரித்தேன். உன்னைப்போல் விளக்கம் சொல்ல இங்கே ஒருவரும் இல்லை.

இதோடு தனித்தாளில் ஒன்பது கேள்விகள் வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள். கடைசிக் கேள்விதான் எனக்குத் தலைவலி. ஒரு வரி, உன் பெயரில் உள்ள சொந்த ஃபோல்டரைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறது. என்ன எடுக்கிறது, எதற்கு? உன் ஃபோல்டருக்குள் பார்க்க எனக்கு அனுமதி இல்லை, இயந்திரத்துக்கும் தெரியவில்லை. விளக்கம் எழுதி மூடாத வரிகள் என்று என் பெயருக்கு எதிரே ஒரு எண் சுவர்த் திரையில் ஓடுகிறது. ஜனவரி கடைசிக்குள் அது பூஜ்யம் ஆக வேண்டும்.

வேலை விஷயம் நிஜந்தான். பிரெண்டனிடம் மறுபடி பேசினேன். "பாக்கலாங்க, பட்ஜெட் வரட்டும்"னான். அவன் வாயில் அது நல்ல வார்த்தை.

நன்றி கூறும் நாளுக்குத் தேவாலயத்தில் பண்ணைத் தொத்திறைச்சியும் வரெனிக்கேக் கொழுக்கட்டையும் செய்தோம். உன் பங்கை உறையவைத்திருக்கிறேன். ஜனவரியில் வந்து சாப்பிடு.

அன்புடன்,
வெர்னா

டாஃபின்
நவம்பர் 6

அன்புள்ள வெர்னா,

எட்டுக் கேள்விகளுக்குப் பதில் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்று நாள் ஆயிற்று. உண்மையைச் சொன்னால், இந்த வருடத்தில் நான் மனிதனாக இருந்த மூன்று நாட்கள் அவை. ஒவ்வொரு வரியும் எந்த வருடம், யாருடைய புகாருக்காக, யார் என்னைத் திட்டியபோது எழுதினேன் என்று எல்லாம் கையில் வந்து நின்றது. பேனாவை மூடியதும் மறுபடி பழைய கதைதான்.

நூலகத்தில் இலவச வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதல் பாடம் முடிவதற்குள் அந்தப் பாடம் பழசாகிவிட்டது, புதுப்பித்திருக்கிறோம், முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்தது. இரண்டு முறை இப்படி. ஓடுகிற பஸ்ஸின் பின்னால் எத்தனை நிறுத்தம்வரை ஓடுவது?

பனியில் கல் உருட்டி ஆடும் கர்லிங் அரங்கத்துக் காப்பி மேசையில் ஒரு நண்பர் கிடைத்திருக்கிறார். ஸ்டீவ் ஃபிளெட். வடக்கே சர்ச்சில் ஊருக்குப் போகும் ரயில் பாதையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். காட்டுக்குள் விலங்குகளுக்குப் பொறி வைக்கும் முகாமில் பிறந்தவர், பிறந்த தேதி எங்கும் பதிவில்லை. "ஏரியில ஐஸ் உடைஞ்ச வாரம்னு அம்மா சொல்லுவா. யாராவது கேக் வாங்கிட்டு வந்தா அன்னிக்குப் பொறந்தநாள். ஏன், நீ வாங்கிட்டு வரப்போறியா?" என்கிறார். பெயரைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயரை நான் முன்பே அறிவேன். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒன்பதாவது கேள்வி. அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று எழுதமாட்டேன். உன்னிடம் ஒளிக்க வேண்டும் என்றில்லை. என்னிடம் இருக்கும் கடைசிச் சீட்டு அது. மேசையில் உட்காரவைத்தால் முதல் நாளே சொல்கிறேன் என்று பிரெண்டனிடம் சொல். நான் கெட்டவனாகத் தெரிந்தால் தெரியட்டும். கழுத்துக்கு மேல் வெள்ளம், இனி சாண் என்ன முழம் என்ன.

உன்,
ஓரெஸ்ட்

வினிபெக்
டிசம்பர் 12

அன்புள்ள ஓரெஸ்ட்,

பிரெண்டனிடம் சொன்னேன். "ஃபோல்டர்தானே? அந்த வரிய அப்படியே புதுசுலயும் ஒட்டிருங்க. எடுக்கறத எடுத்துட்டுப் போகட்டும். இதுக்குப் போயி ஒரு ஆளா?" என்றான். ஒட்டிவிட்டேன். சோதனையில் எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது. ஜனவரி கடைசியில் புதியதற்கு மாறுகிறோம். உன் வேலை பற்றி இன்னும் முடிவாகவில்லை. கொஞ்சம் பொறு.

ஸ்டீவ் ஃபிளெட் என்று படித்ததும் எனக்கும் என்னவோ செய்தது. நாம் டிசம்பரில் வாசிக்கும் பெயர்களில் ஒன்று அல்லவா? விடுமுறைக்கு முன்தின மதியம், உன் இழுப்பறையிலிருந்து அந்தக் கிழிந்த தாளை எடுப்பாய். நான் வாசிப்பேன், நீ கணினியில் தட்டுவாய். "நகல் எடுத்தா தப்பும் சேந்து நகலாகும்"னு சொல்லி வருடாவருடம் புதிதாகத் தட்டுவாய். இறந்தவர் பெயர் வந்தால் பென்சிலால் ஒரு கோடு. எதற்கு அந்தப் பெயர்கள் என்று நான் கேட்டதேயில்லை. உன் கிறுக்குகளில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். இந்த டிசம்பரில் வாசிக்கச் சொல்ல யாரும் இல்லை.

சுருக்கமாக எழுதியதற்கு மன்னித்துவிடு. கார்னிக்கு உடம்பு சரியில்லை. சுவரில் என் எண் நாற்பதில் நிற்கிறது.

வெர்னா

டாஃபின்
ஜனவரி 21

வெர்னா,

இன்று நூலகத்தில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு, நம் நிறுவனத்துக்கே விண்ணப்பித்தேன். ஆலோசகராக அல்ல, தொலைபேசியில் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு. விண்ணப்பிப்பவர் முதலில் அவர்களுடைய புதிய உதவி இயந்திரத்திடம் கேள்வி கேட்டுப் பழக வேண்டுமாம். சும்மா இருக்காமல், இறந்தவர் அட்டை ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டேன்.

அது என்ன சொன்னது தெரியுமா? "பனிக்காலத்தில் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தால் அது மறதி என்று நினைக்காதீர்கள், பூனை வெளியே போயிருக்கிறது."

பக்கத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்போல, அவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதினொரு பக்கமும் அதனிடம் இருக்கிறது. நான் யாரைத் திட்டினேன், யார் என்னைத் திட்டினார்கள் என்பதுவரை.

ஆறு வாரம் அந்த இயந்திரத்திடம் பேசமாட்டேன் என்று சோற்றை உதறிவிட்டு வந்தவன் நான். நீ நலம் விசாரித்து, கார்னியைச் சொல்லி, உறையவைத்த வரெனிக்கேயைச் சொல்லி, என்னை ஐந்து மாதம் அதனிடமே பேசவைத்துவிட்டாய். அடுத்தவன் செய்திருந்தால் சிரித்திருப்பேன். நீ செய்தாய்.

ஆலோசகர் வேலை என்று ஒன்று இருந்ததா, இல்லையா? அதை மட்டும் எழுது.

ஒன்பதாவது கேள்விக்குப் பதில் கிடையாது. ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். பிப்ரவரி முடியட்டும். மார்ச் பிறந்ததும் பிரெண்டனே என் வாசலுக்கு வருவான்.

ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக்

வினிபெக்
பிப்ரவரி 3

அன்புள்ள ஓரெஸ்ட்,

அப்படி அழைக்க எனக்கு இனி உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

இருந்தது, இரண்டு மூன்று வாரம். செப்டம்பரில் நான் கேட்டபோது பிரெண்டன் சரி என்றான். உன் முதல் கடிதத்தைக் காட்டினேன், எவ்வளவு நன்றாக விளக்குகிறாய் பார் என்று, உனக்காகத்தான் காட்டினேன். படித்துவிட்டு, "அட, இவர் எழுதியே தர்றாரே! அப்புறம் எதுக்கு ஆளு?" என்றான். அங்கேயே முடிந்தது. நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுதமாட்டாய். நீ எழுதாவிட்டால் என் எண் குறையாது. எண் குறையாவிட்டால் கார்னிக்கு ஊசி இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரங்களில் உன் கடிதங்களை நானே தட்டி இயந்திரத்துக்குள் போட்டேன். பூனையை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதையும் போட்டுவிட்டேன், ஓரெஸ்ட். அது நல்ல விளக்கம். அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை புதியதற்கு மாறிவிட்டோம். ஆனால் நீ பிப்ரவரி என்று எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பிப்ரவரி முடிந்தால் என்ன ஆகும்? நம் இருவர் கதை போகட்டும். யாருக்காவது ஏதாவது ஆகுமா? உன் காலில் விழுகிறேன், சொல்லிவிடு.

வெர்னா

டாஃபின்
மார்ச் 5

வெர்னா,

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதவில்லை.

ஒன்பதாவது கேள்விக்குப் பதில் இதோ. அந்த ஃபோல்டரில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. நீ டிசம்பரில் வாசித்த பெயர்கள். எல்லாரும் பிறந்த தேதி இல்லாத பழைய ரயில்வே ஆட்கள். காட்டு முகாமில் பிறந்தவர்கள், போருக்குப் பின் அகதியாக வந்தவர்கள். தேதி இல்லாததால் நம் முறை அவர்களைப் பிழையான பதிவு என்று வெளியே தள்ளும். தொண்ணூற்றொன்பதில் அவசரத்துக்கு நான் ஒரு பட்டியல் போட்டு அவர்களை உள்ளே இழுத்தேன். முறையான இடத்தில் வைக்க நான்கு கையெழுத்து வேண்டும், நேரமில்லை, என் ஃபோல்டரில் வைத்தேன். அடுத்த மாதம் மாற்றலாம் என்றேன். இருபத்தாறு வருடம் ஆயிற்று.

வேலையை விட்டவனின் ஃபோல்டரை ஒரு வருடம் கழித்து அழித்துவிடுவார்கள். எனக்கு அது தெரியும். பிப்ரவரி இருபத்தெட்டு. பட்டியல் போனதும் எல்லாம் நின்றுபோகும், அலறிக்கொண்டு என்னைத் தேடுவார்கள் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டீவ் ஃபிளெட் அதில் ஒருவர் என்று தெரிந்தே, அவரோடு தினமும் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதுவும் நிற்கவில்லை, வெர்னா. யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஸ்டீவோடு மருந்துக்கடைக்குப் போனேன். கடைப்பெண் அட்டையை இரண்டு முறை தேய்த்தாள். "சார், கார்டு ஓடல. இந்தப் பேர்ல ஆளே இல்லன்னு வருது." ஸ்டீவ் சிரித்தார். "ஆள் இல்லியா? அப்ப இங்க நிக்கறது யாரு, என் ஆவியா?" சிரிப்பு இருமலாகி, கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாங்க வந்த இன்ஹேலரை மெல்ல அவள் பக்கம் தள்ளி வைத்து, "இருக்கட்டும்மா, இன்னொரு நாள் வரேன்" என்றார். அவருக்கு நான் வாங்கிக் கொடுத்தேன். மற்ற நாற்பது பேர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

கடையிலிருந்தே உன் மேசைக்குப் போன் செய்தேன். அந்த எண் இல்லை என்றது. பொது எண்ணுக்குச் செய்தேன். உதவி இயந்திரம் எடுத்தது. சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன். அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, என் வாக்கியங்களிலேயே எனக்கு ஆறுதல் சொன்னது. என்னோடு நானே மன்றாடுவதுபோல் இருந்தது.

நேற்றுப் பனியில் காரை எடுத்துக்கொண்டு வினிபெக் வந்தேன். பிரெண்டன் கீழே இறங்கி வந்தான். கெட்ட பையன் இல்லை. "நாப்பத்தோரு பேரா? மத்த ஒண்ணே முக்கால் லட்சம் பேருக்குச் சரியாத்தான் ஓடுது. அதான் எங்களுக்குத் தெரியல. பேரக் குடுங்க, இன்னிக்கே சேத்துர்றேன்" என்றான். பட்டியல் இருந்த பழைய பெரிய கணினியைப் போன வாரமே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்களாம். என் இழுப்பறைத் தாள் நான் போன அன்றே கிழிக்கும் இயந்திரத்துக்குப் போயிருக்கிறது. ரயில்வே சங்கத்தில் கேட்கலாம் என்றால், அதை மூடிப் பத்து வருடம் ஆகிறது. "வெர்னாவக் கூப்பிடு, அவளுக்குத் தெரியும்" என்றேன். "அவங்களுக்கு வெள்ளிக்கிழமையோட வேல முடிஞ்சுதே, சார். வரி எல்லாம் மூடியாச்சுல்ல" என்றான்.

அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினேன். முப்பத்தாறு பெயர் வந்தது. ஐந்து வரவில்லை. கைக்கு நினைவிருக்கும் என்று கண்ணை மூடி மேசைமேல் தட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதிய முப்பத்தாறின் பிரதி இதோடு இருக்கிறது. நீதான் வாசித்தாய். விட்டுப்போன ஐந்தை எழுதி அனுப்பு. அங்கிருந்தும் இங்கிருந்தும் உன் வீட்டுக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம்.

உன்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் நீ கார்னியின் மருந்துக்காக என்னை விற்றாய். நான் ஒரு நாற்காலிக்காக நாற்பத்தொரு பேரின் மருந்தைப் பிடித்து வைத்தேன். எடை போட்டால் என் பக்கம்தான் தாழும்.

நலம் விசாரிக்காதே. மன்னிப்புக் கேட்காதே, என்னிடமும் எதிர்பார்க்காதே. பெயர்களை மட்டும் எழுது.

ஓரெஸ்ட்

வினிபெக்
மார்ச் 10

ஓரெஸ்ட்,

எலைஜா பியர்டி, கில்லம்.
யோசிப் கோவல், தி பாஸ்.
ஐசாயா மெக்கே, இல்ஃபோர்ட்.
பெட்ரோ ஷ்வெட்ஸ், போர்ட்டேஜ் லா பிரெய்ரி.

பிரெண்டனிடம் இந்த நான்கையும் நேரில் கொடுத்துவிட்டேன். சேர்த்துவிட்டான், நான் நின்று பார்த்தேன்.

ஐந்தாமவர் மெக்கேவுக்கு அடுத்து வருபவர். உன் முப்பத்தாறையும் சேர்த்துச் சமையலறையில் நின்று முதலிலிருந்து உரக்க வாசிக்கிறேன். தினமும் வாசிக்கிறேன். மெக்கே வரை வந்து நின்றுவிடுகிறது. அந்த ஐந்தாமவர் பெயரை நான் படித்ததும் வருடாவருடம் நீ தட்டுவதை நிறுத்தி, "இன்னும் இருக்காரா மனுஷன்!" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பு அப்படியே காதில் இருக்கிறது. பெயர் இல்லை.

வெர்னா